மேடையில் மொய்க்கணக்கு

கல்யாண மண்டபத்தில் மொய்யை மைக்கில் வாசிக்கிற வழக்கம் மதுரை, தேனிப் பக்கம் உண்டு. இன்ன ஊர், இன்னார், இவ்வளவு ரூபாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஆனால் ‘இந்த ஆள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நாற்பது ரூபாய்தான் எழுதியிருக்கிறார், இனிமேல் இவர் கடையில் யாரும் சாமான் வாங்காதீர்கள்’ என்று மாப்பிள்ளையே மைக்கைப் பிடுங்கிச் சொன்ன கல்யாணம் அங்கேகூட நடந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் நடந்தது. 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை, போர்ட்லேண்ட் நகரம். விசேஷத்தின் பெயர் வேர்ட்கேம்ப் யுஎஸ், வேர்ட்பிரஸ்காரர்களின் மாநாடு. மாப்பிள்ளை மேட் முல்லன்வெக்.

வேர்ட்பிரஸ் என்பது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுக்கலாம், திருத்தலாம், அதை வைத்துக் கடை போடலாம். அதன் உரிமத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உலக வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதுவும் வானத்திலிருந்து குதித்ததில்லை. பி2 என்று இன்னொருவர் எழுதி, பிறகு கவனிப்பாரில்லாமல் கிடந்த மென்பொருளை 2003இல் அப்படியே எடுத்து, முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வளர்த்தார்கள். எடுத்துக்கொள்ள உரிமம் இடம் கொடுத்தது. பி2வை எழுதியவர் விற்றுமுதலில் எட்டு சதவீதம் கொடு என்று வந்து நிற்கவில்லை.

எட்டு சதவீதம் என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. அன்று மேடையில் பெயர் சொல்லிக் கிழிக்கப்பட்ட கம்பெனி டபிள்யூபி எஞ்சின். டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்துக் கம்பெனி. வேர்ட்பிரஸ் தளங்களைத் தன் சர்வர்களில் வைத்து நடத்திக் கொடுத்து மாதக் கட்டணம் வாங்குவது தொழில். அதே மாநாட்டின் ஸ்பான்சர் பட்டியலில் அதுவும் இருந்தது. என் கம்பெனியான ஆட்டோமேட்டிக் வாரத்துக்கு 3,915 மணி நேர உழைப்பை வேர்ட்பிரஸுக்குத் தருகிறது, இவர்கள் தருவது 40 மணி நேரம் என்று கணக்கு வாசித்தார் முல்லன்வெக். இவர்களுக்குப் பின்னால் நிற்கிற சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு உங்கள் லட்சியமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, லாபம் ஒன்றுதான் குறி என்றார். அடுத்த தடவை பணம் கட்டும்போது யாருக்குக் கட்டுகிறோம் என்று யோசியுங்கள் என்றும் சொல்லி வைத்தார்.

கேட்கும்போது ரத்தம் கொதிக்கும். முதலாளித்துவப் பேயை எதிர்த்து நடுமேடையில் நிற்கிற தனி ஒருவன்! கைதட்டவும் ஆளிருந்தது. அந்தப் பேச்சு தொடங்கும் முன் நடந்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸ் சொல்கிற கதையைப் படித்தால்தான் கைதட்டிய கை கூசும். வணிகச் சின்னத்தைப் பயன்படுத்துகிறீர்கள், அதற்கு மொத்த வருமானத்தில் எட்டு சதவீதம் கொடுங்கள். காசாகவோ, ஆட்களின் உழைப்பாகவோ, இரண்டும் கலந்தோ கொடுக்கலாம் என்று பேரம். படியாவிட்டால் மேடையில் உங்களைப் பற்றிப் பேசுவேன், ஸ்லைடு தயாராக இருக்கிறது. மேடையேறும் நேரத்தில் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் படம் பிடித்து அனுப்பி, இப்போது சரி என்றாலும் போதும், வெறும் கேள்வி பதிலாக மாற்றிக்கொள்கிறேன் என்று செல்போனில் செய்தி.

அந்தப் படத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். சம்பளமே வாங்காமல் பிழை திருத்தியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், காலையிலிருந்து கழுத்தில் பேட்ஜ் மாட்டிவிட்டுக் கொண்டிருந்த தொண்டர்கள். தங்கள் தலைவர் ஏதோ கொள்கையைப் பேசப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தலைகள் பேரத்துக்கு மிரட்டல் படமாகப் போய்விட்டன. வந்த கூட்டத்தைக் காட்டிப் பெட்டி வாங்குகிற வட்டச் செயலாளர் நமக்குப் பழக்கப்பட்ட ஆள்தான். அவர்கூட அதற்குச் ‘சமூகம்’ என்று பெயர் வைத்ததில்லை.

மறுநாள் டபிள்யூபி எஞ்சினை வேர்ட்பிரஸைப் பிடித்த புற்றுநோய் என்று எழுதினார் முல்லன்வெக். பெயரைப் பார்த்து என் அம்மாவே ஏமாந்துபோய் அதை வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார் என்ற சாட்சியமும் அதில் இருந்தது. அம்மா சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டபிறகு மகனிடம் தர்க்கம் எதிர்பார்க்கக் கூடாது. இந்தத் துறையில் புற்றுநோய்க்கு ஒரு குட்டி வரலாறு உண்டு. 2001இல் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2016இல் அதே மைக்ரோசாஃப்ட் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் பிளாட்டினம் உறுப்பினராகச் சேர்ந்தது. அந்த வியாதிக்கு மருந்து சந்தாதான் போலிருக்கிறது.

டபிள்யூபி எஞ்சினுக்காகக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. 2018இல் சில்வர் லேக்கிடமிருந்து 25 கோடி டாலர் வாங்கிய கம்பெனி அது. வேர்ட்பிரஸை வைத்துக் கோடிகளில் சம்பாதித்துவிட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு ஆளின் வேலைநேரத்தைத் திருப்பிக் கொடுப்பது வெட்கக்கேடு. அந்த இடத்தில் முல்லன்வெக் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்னவர் யார்? 2019இல் சேல்ஸ்ஃபோர்ஸின் முதலீட்டுப் பிரிவிடம் 30 கோடி டாலர் வாங்கிய கம்பெனியின் தலைவர். டபிள்யூபி எஞ்சின் 2011இல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் பணம் போட்டவர்களில் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. பங்கு கையில் இருந்தவரை அந்தப் பெயர் யார் அம்மாவையும் குழப்பவில்லை.

வேர்ட்பிரஸ் என்ற பெயரின் வணிக உரிமை 2010இல் வேர்ட்பிரஸ் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது. பத்திரிகைகளில் பாராட்டு வந்தது. அதே கையோடு, அந்தப் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்துகிற தனி உரிமை ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பி வந்த செய்திக்குப் பாராட்டு வரவில்லை, ஏனென்றால் அதிகம் பேருக்குத் தெரியாது. அறக்கட்டளையை நிறுவியவர் முல்லன்வெக். ஆட்டோமேட்டிக்கின் தலைவர் முல்லன்வெக். உலகமெல்லாம் அப்டேட் வாங்குகிற வேர்ட்பிரஸ்.ஆர்க் தளம் யாருடையது? எல்லோரும் அறக்கட்டளையுடையது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சண்டையில்தான் அதுவும் முல்லன்வெக்கின் சொந்த உடைமை என்று ஊருக்குத் தெரிந்தது. ஆக, அறக்கட்டளையும் கம்பெனியும் தளமும் கலந்தாலோசித்து ஏகமனதாக முடிவெடுப்பதற்கு ஒரு நாற்காலி போதும். கைதட்டல் பொதுச்சொத்து, சாவி தனிச்சொத்து.

சாவியை வைத்து என்ன செய்தார்? செப்டம்பர் 25 அன்று டபிள்யூபி எஞ்சினுக்கு வேர்ட்பிரஸ்.ஆர்க்கின் கதவைச் சாத்தினார். அங்கே தளம் வைத்திருந்த பேக்கரிக்காரர், பள்ளிக்கூடம், சின்னப் பத்திரிகை, இவர்கள் யாரும் போர்ட்லேண்டுக்குப் போகவில்லை. சில்வர் லேக் என்றால் ஏதோ ஏரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய பிளகின்கள் என்கிற துணைநிரல்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றது. பணக்காரன்மேல் கோபம் வந்தால் அவன் வீட்டு வாடகைக்காரனின் தண்ணீரை நிறுத்துகிற வீரம் இது. இரண்டு நாள் கழித்து இரக்கப்பட்டுத் திறந்தார். அக்டோபர் 1 வரை கெடு வைத்தார். அக்டோபர் 2 அன்று டபிள்யூபி எஞ்சின் வழக்குப் போட்டது.

பிறகு வந்தது செக்பாக்ஸ். அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் லாகின் செய்கிற ஒவ்வொருவரும், டபிள்யூபி எஞ்சினோடு எனக்குப் பணத்தாலோ வேறு வகையிலோ எந்தத் தொடர்பும் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருந்தது. அடிக்காதவர்கள் உள்ளே போக முடியவில்லை. தொடர்பு என்றால் என்ன? அங்கே வேலை பார்ப்பதா, அங்கே தளம் வைத்திருக்கிற வாடிக்கையாளர் ஒருவருக்கு வேலை செய்து கொடுப்பதா, மச்சான் அங்கே இருக்கிறானே அதுவா? கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டவர்கள் சிலர் அரட்டைக் குழுவிலிருந்தே வெளியே தள்ளப்பட்டார்கள்.

வேர்ட்பிரஸைத் தமிழில் கொண்டுவந்தவர்களும் அதே லாகின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பகலெல்லாம் எங்கோ வேலை பார்த்துவிட்டு, சேலத்திலோ யாழ்ப்பாணத்திலோ ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து, ஒரு பொத்தானின் பெயரைத் தமிழாக்கலாம் என்று வருகிற ஒருவர். காலணா கிடையாது, பெயரும் எங்கும் பெரிதாக வராது. அவர் தன் தாய்மொழிக்கு அரைமணி நேரம் கொடுப்பதற்கு முன்னால், டெக்சாஸில் இருக்கிற ஒரு கம்பெனிக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் செல்லுபடியாகக்கூடிய சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இலவசமாக வேலை செய்ய வந்தவனிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிற நிர்வாகத்தை நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அக்டோபர் 12 அன்று நடந்ததைக் களவு என்று சொன்னால் வக்கீல்கள் ஆட்சேபிப்பார்கள். ஏசிஎஃப் என்ற பிளகின் டபிள்யூபி எஞ்சினுடையது; 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் அதற்கிருந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு, பெயரை செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று மாற்றினார்கள். ஓப்பன் சோர்ஸில் கோடைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்ப்பது சகஜம், அதற்கு உரிமையும் உண்டு. பிரித்தெடுப்பவன் புதுக்கடை போட்டுப் போர்டு மாட்டி வாடிக்கையாளர் வரட்டும் என்று காத்திருப்பான். இங்கே பழைய கடையையே கல்லாவோடும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நட்சத்திரங்களோடும், வரிசையில் நின்ற வாடிக்கையாளரோடும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருந்தவர்களின் தளத்துக்குள் ராத்திரியோடு ராத்திரியாக ஆள் மாறிப்போனது.

டிசம்பர் 10 அன்று கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கதவைத் திற, பிளகினைத் திருப்பிக் கொடு, செக்பாக்ஸை எடு. எடுத்தார்கள். அந்த இடத்தில் வேறொரு கட்டம் வந்தது: பீட்சாவில் அன்னாசிப்பழம் ருசியாக இருக்கும். டிக் அடித்தால்தான் லாகின். உலகத்தின் கிட்டத்தட்டப் பாதி இணையம் நிற்கிற வாசலில் கோமாளிக் குல்லா மாட்டியிருந்தார்கள். நீதிபதிக்குப் பழிப்புக் காட்டினால் பரவாயில்லை. டிக் அடிக்க வேண்டியிருந்தவர் நீதிபதி இல்லை.

தடையாணை வந்த அன்றைக்கு முல்லன்வெக் எழுதியதன் சாரம்: ஒட்டுண்ணிக் கம்பெனி ஒன்றுக்கு இலவசமாக உழைக்கும்படி சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறது, எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இருபது வருடங்களாக ஆயிரக்கணக்கானவர்களின் சம்பளமில்லாத உழைப்பின்மேல் எழுந்து நிற்கிற மாளிகையின் உச்சி மாடியிலிருந்து வந்த குரல் அது. இலவச உழைப்பு எப்படி வலிக்கும் என்று ஒரே நாளில் தெரிந்துகொண்டார். அந்த ஞானம் கீழ்த்தளத்துக்கு இறங்கி வரவில்லை. வந்தது வேர்ட்பிரஸ்.ஆர்க்குக்கு விடுமுறை அறிவிப்பு. அதன் பிறகு 2025 ஜனவரியில், ஆட்டோமேட்டிக்கும் இனி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் தரும், எதிராளி கொடுக்கிற அளவுதான் நாங்களும் கொடுப்போம் என்ற அறிவிப்பு. மண்டபத்தில் மார்தட்டிய ஆயிரக்கணக்கான மணி நேரம் நாலு மாதத்தில் ஆவியாயிற்று. வேர்ட்பிரஸ் தலைமைக்கு மாற்று ஏற்பாட்டைப் பற்றி வாய் திறந்தவர்கள் சிலருடைய கணக்குகளும் அதே ஜனவரியில் முடக்கப்பட்டன. ஏப்ரலில் ஆட்டோமேட்டிக் தன் ஊழியர்களில் 16 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஆகஸ்டில் அதே போர்ட்லேண்டில் அடுத்த வேர்ட்கேம்ப் யுஎஸ் நடந்தது. தொண்டர்கள் வந்தார்கள்.

ஏன் வருகிறார்கள் என்று கேட்பவர்கள் இப்படியொரு மாநாட்டுக்குப் போனதில்லை என்று அர்த்தம். அங்கே உண்மையான அன்பு இருக்கிறது. மோசடி முழுவதும் அந்த அன்பின் முதுகில்தான் சவாரி செய்கிறது. வருஷமெல்லாம் திரையில் வெறும் பெயராகத் தெரிந்தவர் எதிரே வந்து கைகுலுக்குவார். நீங்கள் திருத்திய நாலு வரி எங்கள் ஆஸ்பத்திரி மென்பொருளில் ஓடுகிறது என்பார் இன்னொருவர். லேப்டாப் மூடியில் ஸ்டிக்கர் ஒட்ட இடமிருக்காது. நின்று பேசும்போது வட்டமாக நிற்காதீர்கள், புதிதாக வருகிறவர் சேர்ந்துகொள்ள ஒரு ஆள் இடைவெளி விடுங்கள், பேக்மேன் வாய் மாதிரி என்று ஒரு விதியே இருக்கிறது. அருமையான விதி. தாழ்வாரத்தில் செல்லுபடியாகிறது. ஸ்பான்சர்களுக்கு விருந்து நடக்கிற ரூமில் அந்த வட்டம் அழகாக மூடிக்கொள்ளும்.

டைமண்ட், பிளாட்டினம், கோல்டு என்று ஸ்பான்சர்களுக்கு நகைக்கடைத் தரம் பிரித்திருப்பார்கள். கழுத்துக் கயிற்றில் யார் லோகோ வரும் என்பதற்குத் தனி விலை. பேச்சாளருக்குப் பெரும்பாலும் ஒரு டி-ஷர்ட்டும் இலவச டிக்கெட்டும்தான். எல்லாரும் சமம் என்று முதல் ஸ்லைடில் எழுதியிருக்கும். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்து வரிசையில் அழைப்புக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நிற்கிற பையனுக்கும் அந்தச் சமத்துவம் உண்டு, ஆனால் விசா அதிகாரிக்கு அந்த ஸ்லைடை யாரும் அனுப்பி வைக்கவில்லை. எதற்குப் போகிறாய்? மென்பொருள் மாநாட்டுக்கு. யார் சம்பளம் தருகிறார்கள்? யாரும் தரவில்லை, இலவசமாகச் செய்கிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகு விசா கிடைத்தால் அது குலதெய்வத்தின் அருள். கிடைக்காதவர்களின் இடம் காலியாகக் கிடக்க, ‘உலகளாவிய சமூகம்’ என்ற பேனருக்குக் கீழே குழுப்படம் எடுத்துக்கொள்வார்கள்.

தலைவர் ஒற்றை ஆளாக இருப்பதுதான் கோளாறு, குழுவாக இருந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் 2023ஆம் ஆண்டு ரஸ்ட்கான்ஃபைப் பார்க்கலாம். ரஸ்ட் நிரலாக்க மொழியின் தலைமைக் குழு ஒருவரை மாநாட்டின் கீநோட் பேச்சுக்குத் தேர்ந்தெடுத்து அழைத்தது. அவர் சம்மதித்துத் தயாரானபிறகு, உங்கள் பேச்சு சாதாரண அமர்வாக இறக்கப்படுகிறது என்று தகவல் போனது. யார் இறக்கியது? அமைப்பாளர்கள் தலைமையைக் காட்டினார்கள். தலைமையில் எவரிடமோ பேச்சின் பொருள் குறித்துச் சங்கடம் இருந்ததாம். எவர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஓட்டெடுப்பும் இல்லை, குறிப்பும் இல்லை. அழைக்கப்பட்டவர் பேசவே வரவில்லை என்று விலகிக்கொண்டார். குழுவிலிருந்தும் ஒருவர் ராஜினாமா செய்தார். பிறகு ‘வருத்தம் தெரிவிக்கப்பட்டது’. எழுவாய் இல்லாமல் முடிவெடுக்கவும், எழுவாய் இல்லாமல் மன்னிப்புக் கேட்கவும் தெரிந்த குழு அது. நம் தலைமைச் செயலகத்துக் குமாஸ்தாக்கள் பாடம் படிக்க வேண்டும்.

லினக்ஸ் ஃபவுண்டேஷன் இந்தத் தொல்லையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தனிநபர் உறுப்பினர்கள் இயக்குநர் குழுவுக்கு ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. 2016 ஜனவரியில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியின் கேரன் சாண்ட்லர் அந்த இடத்துக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்திருந்த சமயம் அது. அவருடைய அமைப்பு, லினக்ஸ் உரிமத்தை மீறியதாக விஎம்வேர் மேல் ஜெர்மனியில் நடந்த வழக்குக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. விஎம்வேர் ஃபவுண்டேஷனின் உறுப்பினர் கம்பெனி. எல்லாம் தற்செயல்! பிளாட்டினம் உறுப்பினர் சந்தா வருடத்துக்கு 5 லட்சம் டாலர். அதற்கு நாற்காலி உண்டு. தனிநபருக்கு நன்றி உண்டு.

ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் முதுகெலும்பு தெரிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரஸ்ஸல்ஸில் வருடா வருடம் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிற ஃபோஸ்டெம் மாநாடு. டிக்கெட்டும் இல்லை, பதிவும் இல்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். 2025இல் அங்கே ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டார்சிக்குப் பெரிய அரங்கில் மேடை என்று அட்டவணையில் வந்தது. கோடீசுவரர் வந்து கம்பெனிகளுக்குள் ஓப்பன் சோர்ஸ் பண்பாட்டை ஊட்டுவது பற்றி நமக்கு வகுப்பெடுப்பதா என்று சிலர் கொதித்தார்கள்; மேடையில் ஏறி உட்கார்ந்துவிடுவோம் என்றார்கள். அமர்வு அட்டவணையிலிருந்து போயிற்று. சத்தம் போட்டால் கேட்கிற இடமும் உண்டு. அங்கே பேட்ஜ் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்தனை மேடைக்கும் கீழே யார் இருக்கிறார்கள் என்பது 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சிறிய கருவி. லினக்ஸ் ஓடுகிற கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருக்கும். பின்லாந்தில் ஒருவர் தனியாளாகப் பல வருடங்கள் அதைக் கவனித்துவந்தார், சம்பளமில்லாமல். 2022இல் புதுப்புதுப் பெயர்களில் சிலர் வந்து அவரை நச்சரிக்க ஆரம்பித்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம், உனக்கு அக்கறை போய்விட்டது, வேறு ஆளிடம் கொடு. நீண்ட நாளாக மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை மறக்காதீர்கள் என்று அந்த மனிதர் பதில் எழுதினார். நச்சரிப்பு நிற்கவில்லை. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் மட்டும் பொறுமையாக உதவிக்கு நின்றார். களைத்துப்போனவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பை அவரிடம் விட்டார். 2024 பிப்ரவரியில் அந்த உதவியாளர், உலகத்துச் சர்வர்களுக்குள் கள்ளத்தனமாக நுழைகிற ஒரு பின்வாசலை எக்ஸ்இசட்டுக்குள் வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று உறுத்தலோடு தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது.

அந்தப் பெயர்களெல்லாம் போலி என்பதுதான் பாதுகாப்பு நிபுணர்களின் கணிப்பு. எனக்கு ஆத்திரமூட்டுவது வேறு. ரெண்டு வருடம் யாருக்கும் சந்தேகமே வரவில்லையே, ஏன்? அந்தச் சதிகாரர்கள் புதிதாக எதையும் பேசவில்லை. இந்தச் சமூகம் தன் மெயின்டெய்னர்களிடம் தினசரி எப்படிப் பேசுகிறதோ அப்படியே பேசினார்கள். காசு கொடுக்காமல் அதட்டுகிற குரல் அங்கே அவ்வளவு இயல்பு. வேவுக்காரன் அதற்குள் நுழைந்து உட்கார்ந்தபோது இன்னொரு உறுப்பினர் என்றுதான் தெரிந்தது. அடுத்த மாநாடுகளில் அதைப் பற்றி அமர்வு மேல் அமர்வு நடந்தது. சப்ளை செயின் என்றார்கள், ரிஸ்க் என்றார்கள். சப்ளையராம்! பில் அனுப்பியிராத ஒருவருக்கு அந்தப் பட்டம்.

எக்ஸ்இசட் செய்தி வந்து நாலே நாளில் இன்னொரு கதை வெளியே வந்தது. வீடியோ ஓடுகிற இடமெல்லாம் இருக்கிற எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைத் தொண்டர்கள்தான் கவனிக்கிறார்கள். அவர்களுடைய பிழைப் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் டெவலப்பர் ஒருவர் புகார் வைத்திருந்தார்: எங்கள் டீம்ஸ் மென்பொருளில் பிரச்சினை, வாடிக்கையாளர்கள் பார்க்கிற பொருள், முன்னுரிமை தேவை. தொண்டர்கள் உதவி செய்தார்கள், கூடவே தொடர்ந்து பராமரிக்க ஒரு நீண்டகால ஒப்பந்தம் போடுங்கள் என்றும் கேட்டார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனில் பிளாட்டினம் நாற்காலி போட்டிருக்கிற கம்பெனி அதற்குச் சொன்ன பதிலை ஏப்ரல் 2 அன்று எஃப்எஃப்எம்பெக் பகிரங்கமாகப் போட்டது: ஒரே ஒரு தடவை, சில ஆயிரம் டாலர் தரலாம்.